கைக்குள் வந்த ஒளிபரப்பு: நேரலைச் செயலிகளின் வரலாறு

நேரலைச் செயலிக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒன்றில் கேமராவைப் பிடித்திருப்பவர், மற்றொன்றில் பார்ப்பவர். இருவருக்கும் நடுவே படத்தைச் சுருக்குவது, அனுப்புவது, பல தரங்களில் மாற்றுவது, ஊர் ஊராகப் பங்கிடுவது, மறுபடி விரித்துத் திரையில் காட்டுவது என ஐந்து வேலைகள் ஓயாமல் நடக்கின்றன. இவை எடுத்துக்கொள்ளும் மொத்த நேரமே தாமதம். தாமதத்தைக் குறைத்தால் படம் அடிக்கடி நின்றுபோகும். நிற்காமல் ஓட வேண்டுமானால் கொஞ்சம் முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும். அப்போது தாமதம் கூடிவிடும். பார்ப்பவர் கூட்டம் பெருகினால் இரண்டுமே கெடும். தாமதம், தடை, கூட்டம் ஆகிய மூன்றையும் ஒருசேரச் சமாளிக்க நடந்த முயற்சிகளே இச்செயலிகளின் வரலாறு.

காபிக் குடுவையும் வாய்க்கால் முறையும்

இணையத்தில் நேரலைப் படத்தின் முன்னோடி ஒரு காபிக் குடுவை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் டிரோஜன் அறைக்கு அருகே இருந்த காபி இயந்திரத்தை நோக்கி 1991இல் ஒரு கேமரா பொருத்தப்பட்டது. கட்டடத்தின் மறுகோடியிலிருந்து நடந்து வந்து, குடுவை காலியாக இருப்பதைக் கண்டு திரும்பிப் போவதைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். 128க்கு 128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஆய்வகக் கணினிகளில் மட்டும் தெரிந்தது. 1993 நவம்பரில் அது வலைத்தளத்தில் இணைக்கப்பட்டு உலகம் முழுவதும் பார்க்கும் காட்சியானது. 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமரா அணைக்கப்படும் வரை அது தொடர்ந்தது.

அசையும் படத்தை நேரலையாக அனுப்பும் முயற்சிகளும் அதே காலத்தவை. 1992இல் உருவான எம்போன் என்ற ஆய்வு வலையமைப்பு, ஏரி மதகிலிருந்து ஒரே வாய்க்காலாகப் புறப்படும் நீர் கிளை பிரியும் இடத்தில் மட்டும் பிரிவதைப் போன்ற முறையில் இயங்கியது. அனுப்புபவர் ஒரே ஒரு பிரதியை அனுப்பினால் போதும்; வழியில் உள்ள ரூட்டர்கள் தேவையான இடத்தில் அதை நகலெடுக்கும். 1993 ஜூன் 24 அன்று கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்திலிருந்து சிவியர் டயர் டேமேஜ் என்ற இசைக்குழுவின் நிகழ்ச்சி இவ்வழியில் ஆஸ்திரேலியா வரை சென்றது. இணையத்தில் நேரலையாக இசைத்த முதல் குழு அதுவே.

வாய்க்கால் முறை சிக்கனமானது. ஆனால் வழியிலுள்ள ஒவ்வொரு நிறுவனத்தின் ரூட்டரும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். வணிக இணைய நிறுவனங்கள் அதற்கு முன்வரவில்லை. அதனால் ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனிக் குழாய் போடும் முறையே நிலைத்தது. சியாட்டிலில் ராப் கிளேசர் தொடங்கிய புரோகிரசிவ் நெட்வொர்க்ஸ் நிறுவனம் 1995 ஏப்ரலில் ரியல்ஆடியோவை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று மரைனர்ஸ், யாங்கீஸ் அணிகளின் பேஸ்பால் ஆட்ட வர்ணனை அதன் வழியே நேரலையாக ஒலித்தது. 1997இல் ரியல்வீடியோ வந்தது. கேட்பவர் ஆயிரம் பேர் என்றால் ஆயிரம் குழாய்களும் ஒரே சர்வரிலிருந்து கிளம்பின. கூட்டம் கூடியதும் சர்வர் திணறியது.

இதற்கு விடை ஊருக்கு ஊர் தொட்டி கட்டுவது. எம்ஐடியில் டாம் லெய்டனும் டேனியல் லெவினும் வகுத்த கணித முறைகளைக் கொண்டு 1998இல் தொடங்கிய அகமாய், உலகின் பல நகரங்களில் சர்வர்களை நிறுவி, பார்ப்பவருக்கு அருகிலுள்ள சர்வரிலிருந்தே பக்கங்களையும் படங்களையும் கொடுத்தது. இன்றைய நேரலைச் செயலிகள் எல்லாமே இவ்வகைப் பங்கீட்டு வலையமைப்புகளை நம்பியே நிற்கின்றன.

முதுகுப் பையிலிருந்து சட்டைப் பைக்கு

அனுப்பும் முனை நெடுங்காலம் கனமாகவே இருந்தது. 2007 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் ஜஸ்டின் கான் தொப்பியில் கேமராவைப் பொருத்திக்கொண்டு தன் அன்றாட வாழ்வை இடைவிடாமல் ஒளிபரப்பத் தொடங்கினார். அதற்கான கணினியையும் கைப்பேசி வலையமைப்பு மோடங்களையும் முதுகுப் பையில் சுமக்க வேண்டியிருந்தது. அந்தத் தளமான ஜஸ்டின்.டிவி பிறகு எவரும் ஒளிபரப்பும் இடமாக மாறியது. அதன் விளையாட்டுப் பிரிவு 2011இல் டிவிட்ச் எனப் பிரிந்தது. 2014இல் அமேசான் அதை 97 கோடி டாலருக்கு வாங்கியது. 2007இல்தான் யுஸ்ட்ரீம் என்ற நேரலைத் தளமும் தொடங்கியது. ஈராக்கில் இருந்த அமெரிக்க வீரர்கள் தம் குடும்பத்தாருடன் ஒரே நேரத்தில் பேச வழி செய்வதே அதன் தொடக்க நோக்கம்.

முதுகுப் பையைச் சட்டைப் பைக்குள் அடக்கியது நோக்கியா. 2007இல் வந்த என்95 கைப்பேசியில் நல்ல வீடியோ கேமரா, மூன்றாம் தலைமுறை இணைப்பு, வைஃபை மூன்றும் ஒன்றாக இருந்தன. இவ்வகைக் கைப்பேசிகளில் இயங்கும் செயலிகளை அமெரிக்காவின் கிக் நிறுவனமும் ஸ்வீடனின் பேம்பியூசரும் வெளியிட்டன. அதே 2007இல் வந்த முதல் ஐஃபோனில் வீடியோ எடுக்கும் வசதியே இல்லை. 2009 ஜூனில் வந்த 3ஜிஎஸ் மாதிரியில்தான் அது கிடைத்தது. அந்த ஆண்டின் இறுதியில் யுஸ்ட்ரீமின் ஒளிபரப்புச் செயலி ஆப் ஸ்டோரில் அனுமதி பெற்றது.

இந்த முதல் தலைமுறைச் செயலிகளின் பயனை உலகுக்குக் காட்டியவை அரபு நாடுகளின் கிளர்ச்சிகள். 2011 ஜனவரியில் எகிப்தின் போராட்டக் களத்திலிருந்து பேம்பியூசர் வழியே காட்சிகள் வெளிவந்தன. அரசு அத்தளத்தை முடக்கியது. 2012 பிப்ரவரியில் சிரியாவின் ஹோம்ஸ் நகரக் குண்டுவீச்சுக் காட்சிகள் அதே செயலியில் வெளியான பிறகு அந்நாட்டு அரசும் அதைத் தடுத்தது. பதிவு செய்த வீடியோ கைப்பேசியிலேயே இருக்கும். கைப்பேசியைப் பறித்தால் ஆதாரமும் போய்விடும். நேரலையில் எடுத்த காட்சியோ அடுத்த கணமே வேறொரு நாட்டின் சர்வரில் சேர்ந்துவிடும். பத்திரிகையாளர் நுழைய முடியாத இடங்களில் செயலி மதிப்புப் பெற்றது இதனால்தான்.

துண்டு போடும் முறை

பார்க்கும் முனையில் பெரிய திருப்பம் 2009இல் நேர்ந்தது. அதுவரை கணினிகளில் நேரலையைச் சுமந்தது மேக்ரோமீடியா உருவாக்கிய ஆர்டிஎம்பி என்ற நெறிமுறையும் ஃபிளாஷ் மென்பொருளும். பார்ப்பவருக்கும் சர்வருக்கும் இடையே அறுபடாத ஓர் இணைப்பை அது கேட்டது. நடந்துகொண்டும் ரயிலில் போய்க்கொண்டும் பார்ப்பவரின் கைப்பேசிக்கு அப்படிப்பட்ட இணைப்பு வாய்ப்பதில்லை. ஆப்பிள் தன் கைப்பேசியில் ஃபிளாஷை அனுமதிக்கவும் இல்லை. ஐஃபோன் ஓஎஸ் 3.0 உடன் அது எச்எல்எஸ் என்ற சொந்த முறையை வெளியிட்டது. ராஜர் பான்டோஸ் எழுதிய அதன் விவரக்குறிப்பு 2017இல் ஆர்எஃப்சி 8216 என்ற ஆவணமாகப் பதிவானது.

முறை எளியது. ஓடிவரும் படத்தைச் சில வினாடிகளுக்கு ஒரு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் சாதாரணக் கோப்பாகச் சர்வரில் வைப்பார்கள்; தொடக்கத்தில் பரிந்துரைக்கப்பட்ட அளவு பத்து வினாடி. எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்று ஒரு பட்டியல் எழுதப்படும். நேரலையில் அப்பட்டியல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். செயலி அதை அடிக்கடி வாங்கிப் படித்து, புதிய துண்டுகளை இறக்கிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராக இருக்கும். இணைப்பு நன்றாக இருந்தால் செயலி உயர்ந்த தரத்தைக் கேட்கும். மெலிந்தால் அடுத்த துண்டைத் தாழ்ந்த தரத்தில் கேட்கும். படம் மங்கலாகுமே தவிர நிற்காது. துண்டுகள் வலைப்பக்கங்களைப் போலவே பயணம் செய்வதால், பங்கீட்டு வலையமைப்புகளின் தொட்டிகள் எந்த மாற்றமும் இல்லாமல் அவற்றைத் தேக்கிக் கொடுத்தன. கைப்பேசி வலையமைப்பில் பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ காட்டும் செயலிகள் இம்முறையையே பயன்படுத்த வேண்டும், வினாடிக்கு 64 கிலோபிட் அல்லது அதற்கும் குறைந்த தரம் ஒன்றும் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் விதித்தது. இதே கருத்தில் அமைந்த டாஷ் என்ற பொது முறை 2012இல் சர்வதேசத் தரமாக வெளியானது.

இம்முறை நேரலைக்கும் பதிவுக்கும் இடையே இருந்த சுவரையும் எடுத்துவிட்டது. பழைய துண்டுகள் பட்டியலிலிருந்து நீங்கிக்கொண்டே இருந்தால் அது நேரலை. நீக்காமல் வைத்திருந்தால் தாமதமாக வந்தவர் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். நிகழ்ச்சி முடிந்ததும் பட்டியலின் கடைசியில் முடிவுக்குறி ஒன்றை எழுதினால் அதுவே விரும்பிய நேரத்தில் பார்க்கும் பதிவு. கோப்புகள் மாறுவதில்லை, பட்டியல் மட்டுமே மாறுகிறது.

இதற்குக் கொடுத்த விலை தாமதம். மூன்று துண்டுகளைச் சேர்த்த பிறகே படம் ஓடத் தொடங்கும் என்றால், பத்து வினாடித் துண்டுகளில் அது அரை நிமிடம். கிரிக்கெட் ஆட்டத்தில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் ஆரவாரம் எழுந்த பிறகு கைப்பேசியில் பந்து வீசப்படுவது இதனால்தான். 2016இல் ஆப்பிள் பரிந்துரைத்த துண்டின் அளவு ஆறு வினாடியாகக் குறைந்தது. 2019 ஜூனில் அறிவித்த குறைந்த தாமத முறையில் துண்டு முழுமையாகும் முன்பே அதன் சிறு பகுதிகளை அனுப்பத் தொடங்கினார்கள்.

2015: பொத்தானை அழுத்தினால் ஒளிபரப்பு

நான்காம் தலைமுறை வலையமைப்பும், படத்தைச் சுருக்குவதற்கென்றே தனிச் சில்லு கொண்ட கைப்பேசிகளும் பரவிய பிறகு ஒளிபரப்பு எளிதானது. 2015 பிப்ரவரி இறுதியில் பென் ரூபின் குழுவினரின் மீர்கேட் வெளிவந்தது. பொத்தானை அழுத்தியதும் ஒளிபரப்பு தொடங்கி, அழைப்பு டிவிட்டர் வழியே நண்பர்களைச் சேரும். சில நாட்களிலேயே அது பேசுபொருளானது. மார்ச் 13 அன்று டிவிட்டர் தன் நண்பர் வலையமைப்பை மீர்கேட் பயன்படுத்துவதைத் தடுத்தது. அதே நாளில் பெரிஸ்கோப் என்ற செயலியை வாங்கியதாகவும் அறிவித்தது. மீர்கேட் 2016இல் மறைந்தது. இன்னொரு நிறுவனத்தின் நண்பர் பட்டியலை நம்பிக் கட்டிய செயலி எவ்வளவு விரைவில் சரியும் என்பதற்கு அது முக்கியமான சான்று.

பெரிஸ்கோப்பைத் தொடங்கியவர்கள் கேவோன் பெய்க்பூரும் ஜோ பெர்ன்ஸ்டீனும். 2013இல் இஸ்தான்புல்லின் தக்சிம் சதுக்கத்தில் போராட்டம் நடந்தபோது, செய்திகளைப் படிக்க முடிந்ததே தவிர அங்கே நடப்பதைப் பார்க்க முடியவில்லை என்ற பெய்க்பூரின் அனுபவத்திலிருந்து பிறந்தது அது. 2015 மார்ச் 26 அன்று வெளியாகி, ஆகஸ்டுக்குள் ஒரு கோடிக் கணக்குகளை எட்டியது. அதன் வடிவமைப்பு பின்வந்த எல்லாருக்கும் இலக்கணமானது. கைப்பேசியைப் பிடித்தவாறே நெட்டுவாக்கில் படம். படத்தின் மேலேயே மிதந்து மறையும் கருத்துகள். திரையைத் தட்டினால் எழும் வண்ண இதயங்கள். கருத்தைப் படித்து ஒளிபரப்புபவர் உடனே பதில் சொல்வதுதான் இதன் உயிர். அரை நிமிடத் தாமதத்தில் அந்த உரையாடல் நடக்காது.

இச்சிக்கலைப் பெரிஸ்கோப் இரண்டு பாதைகளால் தீர்த்தது. முதலில் வரும் ஏறத்தாழ நூறு பேருக்கு ஆர்டிஎம்பி வழியே சில வினாடித் தாமதத்தில் படம் போகும். கருத்துச் சொல்லும் உரிமையும் அவர்களுக்கே. பின்னால் வருபவர்களுக்குத் துண்டு முறையில், கூடுதல் தாமதத்துடன் போகும். தாமதத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே உள்ள பகையை மறைக்காமல், அதையே செயலியின் அமைப்பாக்கிய தீர்வு இது. பதிவுகள் 24 மணி நேரத்தில் அழியும் என்பது தொடக்க விதி. 2016இல் அது தளர்ந்தது. பெரிஸ்கோப் 2021 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. ஆனால் அதன் இலக்கணம் 2016இல் வந்த இன்ஸ்டாகிராம் நேரலையிலும் பிறவற்றிலும் வாழ்கிறது.

கூட்டத்தைத் தாங்குவது

ஃபேஸ்புக் 2015 ஆகஸ்டில் பிரபலங்களுக்கும், 2016இல் எல்லாருக்கும் நேரலையைத் திறந்தது. பல லட்சம் பேர் பின்தொடரும் ஒருவர் பொத்தானை அழுத்திய வினாடியிலேயே கூட்டம் திரண்டுவிடும். புதிய துண்டு ஒன்று உருவானதும் எல்லாரும் ஒரே கணத்தில் அதையே கேட்பார்கள். அருகிலுள்ள தொட்டியில் அது இன்னும் வந்து சேராததால் அத்தனை கோரிக்கைகளும் மூலச் சர்வரை மோதும். தொட்டியிலேயே கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி, முதல் ஒன்றை மட்டும் மூலத்துக்கு அனுப்பி, வந்த துண்டை எல்லாருக்கும் பகிர்வதே ஃபேஸ்புக் பொறியாளர்கள் கையாண்ட வழி. 2016 ஏப்ரலில் பஸ்ஃபீட் தளத்தினர் ஒரு தர்பூசணியின் மேல் ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாக மாட்டி அதை வெடிக்கவைத்த 44 நிமிடக் காட்சியை ஒரே நேரத்தில் எட்டு லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

அந்த எண்ணிக்கையைப் பல மடங்கு தாண்டிய நாடு இந்தியா. 2015இல் ஹாட்ஸ்டார் செயலி தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோவின் வருகைக்குப் பின் கைப்பேசித் தரவு மலிந்தது. 2019 ஜூலையில் மான்செஸ்டரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதியபோது, ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் ஹாட்ஸ்டாரில் இருந்தார்கள். தோனி ரன் அவுட் ஆனதும் அந்த எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் கீழே சரிந்தது. எண்ணிக்கை ஏறுவதைவிட இச்சரிவு பொறியாளர்களுக்குக் கடினமானது. ஆட்டத்தை விட்டு வெளியேறுபவர் செயலியை மூடுவதில்லை. பின்செல்லும் பொத்தானை அழுத்தி முகப்புக்கு வருகிறார். முகப்பு ஒவ்வொருவருக்கும் அவரவர் விருப்பத்துக்கேற்பப் பரிந்துரைகளைத் தேடித் தர வேண்டும். வீடியோவைத் தாங்கிய தொட்டிகள் இதற்கு உதவாது.

ஆகவே ஹாட்ஸ்டார் முன்கூட்டியே சர்வர்களைப் பெருக்கி வைத்தது. புதிய சர்வர் ஒன்று எழுந்து வேலைக்குத் தயாராக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கூட்டம் அதுவரை காத்திராது. நெருக்கடியில் பரிந்துரை போன்ற துணை வசதிகளைத் தாமாகவே அணைத்து, படம் ஓடுவதை மட்டும் காப்பாற்றும் ஏற்பாடும் இருந்தது. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அதே செயலியில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் இருந்தார்கள். தமிழ் உள்ளிட்ட பல மொழி வர்ணனைகளில் பார்ப்பவர் விரும்பியதைத் தேர்ந்துகொள்ளும் வழக்கமும் இச்செயலிகளால் பரவியது.

காசும் பரிசும்

ஒளிபரப்புபவருக்கு வருமானம் தரும் வழியைச் சீனச் செயலிகள் முதலில் பெரிதாக்கின. ஒய்ஒய் நிறுவனம் காசு கொடுத்து வாங்கி அனுப்பும் மெய்நிகர் பரிசுகளை வணிகமாக்கி, 2012இல் அமெரிக்கப் பங்குச்சந்தையில் பட்டியலானது. 2016இல் தாவோபாவ் என்ற இணையச் சந்தை நேரலை வழியே பொருள் விற்கும் கடைகளைத் திறந்தது. டிவிட்சின் பிட்ஸ், யூடியூபின் சூப்பர் சாட் ஆகிய கட்டண வசதிகள் இவ்வழியில் வந்தவையே.

சாட்சியும் பொறுப்பும்

தொலைக்காட்சி நிலையத்தில் நேரலைக்கு ஒரு தயாரிப்பாளர் உண்டு. தேவையானால் சில வினாடித் தாமதம் வைத்து, தகாததை வெட்டும் அதிகாரம் அவருக்கு உண்டு. கைப்பேசிச் செயலி அந்த இடத்தை ஒழித்தது. அதனால் நன்மையும் விளைந்தது, தீமையும் விளைந்தது.

2016 ஜூன் 22 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் துப்பாக்கிக் கட்டுப்பாடு கோரி உறுப்பினர்கள் தரையில் அமர்ந்தார்கள். சபை ஒத்திவைக்கப்பட்டதால் சபையின் கேமராக்கள் அணைந்திருந்தன. உறுப்பினர்கள் பெரிஸ்கோப்பிலும் ஃபேஸ்புக்கிலும் காட்டிய காட்சியை சி-ஸ்பான் தொலைக்காட்சி எடுத்து ஒளிபரப்பியது. 2017 ஜனவரியில் சென்னை மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகத் திரண்டவர்களும் தம் கைப்பேசிகளிலிருந்தே போராட்டத்தை நேரலையாகக் காட்டினார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் நேரலையை ஏற்றுத் தீர்ப்பளித்து, 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வுகளின் விசாரணையை மக்கள் பார்க்கத் திறந்துவிட்டது.

தீமையின் உச்சம் 2019 மார்ச் 15. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன், அக்கொடுமையை ஃபேஸ்புக்கில் 17 நிமிடம் நேரலையாகக் காட்டினான். நேரலையில் அதைக் கண்டவர்கள் 200 பேருக்கும் குறைவு. ஒளிபரப்பு நடந்தபோது ஒருவரும் புகார் தரவில்லை. முதல் புகார் வந்தது ஒளிபரப்பு முடிந்து 12 நிமிடம் கழித்து. இயந்திரக் கண்காணிப்பும் அதைப் பிடிக்கவில்லை. அடுத்த 24 மணி நேரத்தில் ஃபேஸ்புக் அதன் 15 லட்சம் பிரதிகளை நீக்க வேண்டியிருந்தது. அவற்றில் 12 லட்சம் பதிவேறும்போதே தடுக்கப்பட்டவை. மே மாதம் கடுமையான விதிகளை ஒரு முறை மீறினாலே நேரலை வசதியைத் தற்காலிகமாக நிறுத்தும் முறையை அந்நிறுவனம் கொண்டுவந்தது. நியூசிலாந்து, பிரான்ஸ் தலைவர்கள் பாரீசில் கூட்டிய மாநாட்டில் அரசுகளும் நிறுவனங்களும் கிறைஸ்ட்சர்ச் அழைப்பு என்ற உறுதிமொழியை ஏற்றன.

இவ்வரலாற்றில் தொழில்நுட்பச் சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துவந்தன. குழாய்களின் சுமையைத் தொட்டிகள் ஏற்றன. இணைப்பின் நிலையின்மையைத் துண்டு முறை ஏற்றது. கூட்டத்தை முன்னேற்பாடு தாங்கியது. தாமதம் அரை நிமிடத்திலிருந்து ஓரிரு வினாடிகளுக்கு இறங்கியது. தீராமல் நிற்பது ஒன்றுதான்: காட்சி போய்ச்சேரும் வேகத்துக்கு அதைத் தீர்மானிக்கும் மனிதரின் வேகம் ஈடாகவில்லை. எனவே புகார் வந்தால் யார் பார்ப்பார், எத்தனை வினாடியில் பார்ப்பார், ஒளிபரப்பை நிறுத்தும் உரிமை யாருக்கு என்பவை, படத்தின் தரத்தையும் தாமதத்தையும் போலவே, செயலியின் முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டியவை.